பிரண்டைத் துவையல் தொண்டையை அரித்தால்

வேலியில் படர்ந்ததைப் பறித்துத் துவையல் அரைத்துச் சாப்பிட்டதும் அரை மணி நேரம் தொண்டை அரித்தது, இது பிரண்டைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டு நாலு பட்டையாக, கணுவுக்குக் கணு இடுங்கி, அங்கே ஓர் இலையும் எதிரே பற்றுக்கம்பியும் இருந்தால் பிரண்டைதான். ஒடித்தால் தண்ணீர் மாதிரிதான் கசியும். வெள்ளைப் பால் வந்து, ஓரத்தில் முள்ளும் இருந்தால் அது சதுரக்கள்ளி. வாயில் வைக்கவே கூடாது.

அரிப்புக்குக் காரணம் தண்டிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். முற்றிய தண்டு என்றால் பாடு அதிகம். நுனியிலிருந்து மூன்று நான்கு கணு, நகம் பட்டால் நறுக்கென்று ஒடிய வேண்டும், அதை மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, நாலு ஓரத்து நாரையும் உரித்துவிடுங்கள்.

நீங்கள் மூன்று நிமிடம் வதக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கோளாறு. ஒரு கப் துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் பத்து நிமிடமாவது வதக்குங்கள். பச்சை நிறம் போய், சுருங்கி, பழுப்பேற வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி உளுந்து, ஐந்து மிளகாய் வற்றல், பெரிய நெல்லிக்காய் அளவு புளி. புளியில் கஞ்சத்தனம் வேண்டாம், அரிப்பை மட்டுப்படுத்துவது அதுதான்.

மீதமிருக்கும் துவையலைக் கொட்ட வேண்டாம். கெட்டிப் புளிக்கரைசல் கால் கப் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளறி, நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அரித்தால் குப்பைக்குத்தான்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.