அவரவர் பாடு

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு நண்பர்கள் மூவருடன் பழவேற்காடு போயிருந்தேன். டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த இடம் முழுக்க முள்புதர். கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. ஏரிக்கரையில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். இவ்வளவு வரலாறு கொண்ட ஊரில் இன்று பார்க்க ஒன்றுமே இல்லை என்பது வருத்தமாக இருந்தது. கோட்டையைப் புதுப்பித்துச் சுற்றுலாத்தலம் ஆக்கினால் ஊர் முன்னேறாதா? டச்சுக்காரர்கள் ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்? பழவேற்காடு என்ற பெயர் எப்படி வந்தது?

ஒரு வாசகர், அம்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மடியில் ஒரு பழைய கைலி கிடந்தது. வீடு மாறுவதற்காகத் தாத்தாவின் தகரப்பெட்டியைப் பல வருடங்களுக்குப் பிறகு திறந்திருந்தேன். தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். ஊருக்கு வரும்போதெல்லாம் நீலக் கட்டம் போட்ட கைலி இரண்டு கொண்டுவருவார். வீட்டில் அதற்குப் பெயர் சீமைக் கைலி. யாரும் எளிதில் தொட முடியாது. தாத்தா மட்டும் அதைப் 'பெலிகாட்' என்பார். பெலிகாட் என்பது மலாயாவில் ஏதோ ஓர் ஊர் என்று முப்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்தான். ஆனால் மலாயாவில் இல்லை, பொன்னேரியைத் தாண்டி இருக்கிறது. நீங்கள் இருபது நிமிடத்தில் பார்த்து முடித்த அதே ஊர். பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் புலிக்கட் என்று எழுதினார்கள். அந்தத் துறையிலிருந்து போன கட்டம் போட்ட துணிக்கு மலாய்க்காரர்கள் ஊரின் பெயரையே வைத்து 'காயின் பெலிகாட்' என்றார்கள். காயின் என்றால் துணி. மலேசியாவில் இன்றும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். நம் கரையிலிருந்து கப்பலேறிய பெயர் தாத்தாவின் பெட்டியில் திரும்பி வந்தபோது வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது. இதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் 'ஒன்றுமே இல்லை' என்று உங்கள் கடிதம் வந்தால் எனக்குக் கோபம் வராதா?

உங்கள் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். பெயர் பழைய வேலங்காட்டிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பெயர் ஆராய்ச்சியில் எனக்கு அதற்கு மேல் ஆர்வம் இல்லை.

டச்சுக்காரர்கள் வந்ததற்குக் காரணம் துணி. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போனவர்களிடம் அங்கிருந்தவர்கள் சோழமண்டலக் கரைத் துணியைத்தான் கேட்டார்கள். விஜயநகர மன்னர் வேங்கடரின் அனுமதியோடு 1610இல் இங்கே கிடங்கு வைத்தார்கள். இரண்டே ஆண்டில் போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613இல் ஜெல்டிரியா என்ற கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்குப் போகும் வரை இதுதான். உள்ளே வெடிமருந்து செய்தார்கள். துணி மூட்டைகள் போன துறையிலிருந்தே அடிமைகளையும் படேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள், பஞ்ச காலங்களில் தங்களையே விற்றுக்கொண்ட தமிழரும் தெலுங்கரும் அதில் உண்டு. கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடுகளை நீங்கள் கட்டாயம் படம் எடுத்திருப்பீர்கள். எல்லோரும் எடுக்கிறார்கள். செதுக்கிய கல் வாங்க வசதி இருந்தவர்கள் மட்டும் அதற்குள் படுத்திருக்கிறார்கள்.

கோட்டையைப் புதுப்பிப்பது பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. முள் அங்கேயே வளரட்டும்.

இனி அந்த 'ஒன்றுமே இல்லை'க்கு வருகிறேன். நீங்கள் மீன் தின்ற இடத்தில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தீர்களா? வடக்கே பார்த்தீர்களா? அந்த ஏரி வடக்கில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீள்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நம்முடையது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், பல இடங்களில் நடந்தே போகலாம். ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல் தீவு கடலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் சென்னை அடுப்புகளுக்கு அந்தத் தீவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே விறகு வந்தது. ஏரியின் கிளிஞ்சல் சுண்ணாம்பாகிச் சென்னையின் சுவர்களில் பூசப்பட்டது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் போகிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாளின் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஏரி என்று நாம் சொல்கிறோமே தவிர, அது செம்பரம்பாக்கம் போல மழைநீர் தேங்கும் ஏரி இல்லை. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. கடல் முகத்துவாரம் வழியாக உப்புநீரைக் கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஓதத்தோடு, அதாவது கடல்நீர் ஏறும்போது, முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் அதே வழியாகக் கடலுக்குத் திரும்பப் பார்க்கின்றன. திரும்பும்போதுதான் வலையில் விழுகின்றன. ஆகவே முகத்துவாரம் மணலால் அடைபட்டால் அந்த ஊருக்குச் சோறு இல்லை. கோட்டை இடிந்தது ஒரு முறைதான், முகத்துவாரம் அடைபடுவதோ வருடம் தவறினாலும் தவறாமல் திரும்பி வரும் விவகாரம். தெற்கே துறைமுகங்கள் வந்தபிறகு மணலின் போக்கே மாறிவிட்டது என்று மீனவர்கள் சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஓர் ஆவணி மாதம், அங்கே ஒரு குப்பத்தில் நண்பன் வீட்டில் பதினைந்து நாள் தங்கியிருந்தேன். முகத்துவாரம் அடைபட்டிருந்தது. இரண்டு நல்ல மழையில் ஏரி சற்று உயர்ந்ததும் மண்வெட்டியோடு ஊரே கிளம்பியது. மண்வெட்டி கிடைக்காதவர்கள் அலுமினியச் சட்டியால் அள்ளினார்கள். நானும் வெட்டினேன். அரை மணியில் கை கொப்புளித்தது, ஒரு பாட்டி என்னைப் பிடித்து ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார். வெட்டிய வாய்க்கால் கடலைத் தொட இன்னும் பத்தடி இருந்தபோது எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஓதம் வற்றட்டும் என்றார்கள். பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பிறகு இரண்டு பேர் மட்டும் இறங்கி மிச்சத்தை வெட்டினார்கள். முதலில் ஓடிய நீர் கையளவு அகலம்தான் இருக்கும், ஒரு குழந்தை தாண்டிப் போயிருக்கும். கரை மணல் துண்டு துண்டாகச் சரிந்து விழ விழ அது கதவளவு ஆயிற்று, பிறகு அறையளவு. சாயங்காலம் மறுகரையில் நின்றவர்கள் திரும்பி வரப் படகு வேண்டியிருந்தது.

அன்று இரவு நண்பனின் அப்பா சொன்ன சொல்தான் இன்றுவரை என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. "நாளன்றைக்கு எங்கள் பாடு" என்றார்.

நமக்குப் பாடு என்றால் துன்பம். என்ன பாடு படுகிறான் என்கிறோம். வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறேன் என்கிறோம். அதைவிட அதிகமாக 'அது அவன் பாடு' என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகிறோம். பழவேற்காட்டில் பாடு என்பது தண்ணீரில் ஒருவனுக்கு உள்ள இடமும் முறையும். முகத்துவாரத்தை ஒட்டிக் கழி நட்டு இறால் வலை கட்டும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இரவில் கட்டினால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் என்று பாடு உரிமை உள்ள குப்பங்கள் நாளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. குப்பத்துக்குள் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. கல்யாணம் ஆனால்தான் தலைக்கட்டு. சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று முடிவாகிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை மோசமான இடம் வரலாம். பெரிய படகு, புது வலை, சொந்தக்காரர் பலம் எதுவும் செல்லாது. சண்டை வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து.

அதாவது, அவரவர் பாடு என்பது அங்கே அடுத்தவனின் பாட்டை நான் மதிக்கிறேன் என்ற பொருளில் வருகிறது. நாம் ஒருவரையொருவர் கைவிடப் பயன்படுத்தும் சொல்லை வைத்து அவர்கள் ஒரு நீர்ப்பரப்பையே பங்கிட்டு வாழ்கிறார்கள். இதைவிடப் பெரிய வரலாறு எந்தக் கோட்டைக்குள் இருக்கிறது, சொல்லுங்கள். (ஏற்பாடு, உடன்பாடு, கட்டுப்பாடு இவற்றில் வரும் பாடு வேறு என்று இலக்கண ஆசிரியர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். தெரியும். ஆனாலும் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.)

இதைக் கேட்டுப் 'பழந்தமிழரின் பொதுவுடைமை' என்று யாராவது கட்டுரை எழுதக் கிளம்பினால் அவருக்கும் ஒரு குட்டு உண்டு. பாடு எல்லோருக்குமானது இல்லை, அது பட்டினவர் சாதியின் உரிமை. அதே ஏரியை நம்பியிருக்கும் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. இதனால் வழக்கும் அடிதடியும் நடந்திருக்கின்றன. நண்பனின் அப்பாவிடம் இதைக் கேட்டேன். "அவர்கள் பாடு வேறு" என்றார். மிக நல்ல மனிதர். சொல் அந்த ஒரு நொடியில் நம்முடைய அர்த்தத்துக்குத் திரும்பிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கழுத்தளவு தண்ணீரில் ஓர் இருளர் அம்மாவைப் பார்த்தேன். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பற்களால் கடித்துப் பிடித்திருந்தார். இரண்டு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போயின. சட்டென்று ஒரு கை மேலே வரும், விரல்களுக்கிடையில் ஓர் இறால் துடிக்கும், அது பறிக்குள் போகும், கை மறுபடி மறையும். வாயில் பறி இருப்பதால் பேச முடியாது. நான் கரையிலிருந்து ஏதோ கேட்டேன், புருவத்தை உயர்த்திவிட்டு நகர்ந்துவிட்டார். வலையும் இல்லை, படகும் இல்லை, சீட்டும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கரையேறியபோது பறியில் பாதிகூட நிறையவில்லை.

இன்னும் சொல்லலாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் செம்புரைக்கல்லில் விரலளவு உருவங்களாகச் செதுக்கிய ராமாயணம் இருக்கிறது. பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். அரபு எழுத்தில் தமிழ் எழுதிப் படித்த குடும்பங்கள் இருந்த ஊர். இவையெல்லாம் டச்சுக் கல்லறையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான். நீங்கள் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் கல்லறையைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் அழகாக நான்கு வரி எழுதிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தவன்தான். மறுபடி போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அமாவாசையை ஒட்டிப் போங்கள், அப்போது ஓதம் பலமாக இருக்கும். இரவு தங்குங்கள். வலை எடுக்கும் நேரத்தில் கரையில் நின்று, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, இன்று யார் பாடு என்று கேளுங்கள். அந்தச் சொல் வாயில் வந்தால் உங்களுக்குத் தேநீர் கிடைக்கும் என்பதற்கு நான் பொறுப்பு.

ஒன்று விட்டுப்போயிற்று. மீன் வறுவல் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன மீன் என்று எழுதவில்லை. வஞ்சிரம் என்றால் அது கடல் மீன், சென்னையிலேயே தின்றிருக்கலாம். மடவை என்றால் அது முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து அந்த ஏரியில் வளர்ந்தது. எது என்று எனக்கு எழுதுங்கள்.