நிலா ஸ்டேஜின் வேகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏற்காட்டில் கழிந்த பள்ளி விடுமுறைகளைப் பற்றிய கட்டுரையில், அத்தை வீட்டு டிவியில் வாத்து கேம் ஆடியதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் அம்மாப்பேட்டையில் தறி வீட்டில் வளர்ந்தவன். 1995 வாக்கில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம் பெட்டியில் நானும் அக்காவும் ‘டக் டேல்ஸ்’, ‘சிப் அண்ட் டேல்’ இரண்டையும் வாடகைக் கேசட்டில் ஆடுவோம். போன மாதம், அவற்றோடு சேர்த்து ஆறு பழைய ஆட்டங்கள் அடங்கிய ‘டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன்’ தொகுப்பைக் கணினிக்கு வாங்கி, ஒன்பது வயது மகளோடு ஆடிக்கொண்டிருக்கிறேன். மகிழ்ச்சிதான், ஆனால் மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. எல்லாமே என் நினைவில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறது, ‘டக் டேல்ஸ்’ ஆட்டத்தின் நிலா ஸ்டேஜில் வரும் இசைகூட அவசரப்படுகிறது. என் கைகள்தான் தளர்ந்துவிட்டனவா? அடுத்தது, தவறு நேர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிவிடலாம் என்பதால் மகள் சாவதே இல்லை. இதற்குப் பெயர் ஆட்டமா? கடைசியாக, இப்படி வாங்கியவை ஒருநாள் இணையக் கடையிலிருந்தே காணாமல் போகும் என்கிறார் நண்பர். கேசட்டாக இருந்தால் பரணிலாவது கிடக்குமே?

எஸ்.,
அம்மாப்பேட்டை, சேலம்

*

அன்புள்ள எஸ்.,

கைகளைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. ‘டக் டேல்ஸ்’ 1989-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் நின்டெண்டோ பெட்டிக்காக உருவாக்கிய ஆட்டம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சித் திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும். அந்தக் காலத்து ஆட்டங்களுக்கு வேறு கடிகாரம் கிடையாது. திரை ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் வாத்து ஓரடி நகரும், இசை ஒரு படி முன்னேறும். நம் நாட்டுத் தொலைக்காட்சியோ பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது, அதில் நொடிக்கு 50 முறைதான். அந்த 50-க்கு ஏற்ப இங்கே விற்கப்பட்ட பெட்டிகளில், 60-க்கென்று எழுதப்பட்ட ஆட்டம் ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்து ஓடியது. ஒரு நிமிட இசை முடிய 72 நொடிகள் பிடித்தன. உங்கள் அம்மாப்பேட்டைப் பெட்டியும் அப்படிப்பட்டதாகவே இருந்திருக்க வேண்டும். இப்போது உங்கள் கணினியில் ஓடுவது 60. ஹிரோஷிகே டொனோமுரா நிலா ஸ்டேஜுக்கு இசையமைத்தபோது அவர் காதில் எந்த வேகத்தில் ஒலித்ததோ, அந்த வேகத்தில் அதை நீங்கள் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறீர்கள்.

இதை எழுதும்போது என் மனம் கனக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் அன்று கேசட் வாடகைக்குக் கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து ஒரு வாரத்துக்கு எடுத்து, துணிப்பைக்குள் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் ஏறிக் கடப்பேன். ஒண்டிக்கடை அருகே அத்தை வீட்டில், சன்னல்வரை மூடுபனி வந்து நிற்கும் மாலைகளில், அந்த மெதுவான நிலா இசையைத்தான் கேட்டேன். அது என்னோடு வளர்ந்த இசை. சரியான வேகத்தில் அதைக் கேட்டபோது, நெடுநாள் பழகிய ஒருவரின் உண்மையான பெயரை யாரோ சொல்லக் கேட்டதுபோல் இருந்தது. இரண்டு வேகங்களும் எனக்கு வேண்டும். மெதுவானதை என் நினைவுதான் வைத்துக்கொள்ள வேண்டும், எந்தத் தொகுப்பும் அதை எனக்குத் தர முடியாது.

இனி உங்கள் மகளின் பொத்தானுக்கு வருகிறேன். அந்த நின்டெண்டோ பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். படத்துக்கென்று இன்னொரு 2. வாத்து எங்கே நிற்கிறது, எத்தனை உயிர் மிச்சம், எந்த எதிரி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இன்றைய கணினி அந்த நினைவகம் முழுவதையும் கணத்துக்குக் கணம் நகலெடுத்து அடுக்கி வைத்துக்கொள்வது எளிது. பொத்தானை அழுத்தியதும் அந்த அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. 2017 ஏப்ரலில் வெளிவந்த உங்கள் தொகுப்பைச் செய்த டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் மூல ஆட்டத்தின் விதிகளை மாற்றாமல், அதற்கு வெளியே நின்றுகொண்டு இந்த வசதியைச் சேர்த்தது.

இது ஏமாற்று வேலையா என்பதற்கு எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே விடை சொல்ல என்னால் முடியாது. ‘லயன் கிங்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் செய்தது. அதன் இரண்டாம் ஸ்டேஜில், குரங்குகள் சிங்கக்குட்டியைத் தூக்கி வீசும் புதிரில் சிக்கி, உலகெங்கும் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவர்கள் ஓரிரு நாளில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இடம் கடினமாக்கப்பட்டது என்று, அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் காசில் பின்னாளில் சொன்னார். வாடகைக் கேசட்டில் வளர்ந்த உங்களுக்கும் எனக்கும் அது நேரடியாகப் பொருந்துகிறது. வியாபாரத்துக்காக எழுப்பப்பட்ட சுவரை உங்கள் மகள் ஒரு பொத்தானால் தாண்டினால் அதில் குற்றம் எதையும் நான் காணவில்லை.

‘டக் டேல்ஸ்’ அப்படிப்பட்டதன்று. அதன் கடினம் அதன் அழகோடு ஒட்டியிருக்கிறது. கைத்தடியை ஊன்றித் துள்ளும் அந்தக் கிழட்டு வாத்தின் ஒரே அசைவிலிருந்து மொத்த ஆட்டமும் கட்டப்பட்டிருக்கிறது. முட்கள் மீது துள்ளலாம், எதிரியின் தலைமீது துள்ளலாம், ஆனால் இமயமலை ஸ்டேஜின் பனியில் துள்ளினால் கைத்தடி புதைந்து வாத்து மாட்டிக்கொள்ளும். ஐந்து ஸ்டேஜ்களையும் விரும்பிய வரிசையில் ஆடலாம், இருந்தும் ஆப்பிரிக்கச் சுரங்கத்துக்குள் போக டிரான்சில்வேனியாவில் ஒரு சாவியைத் தேடி எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் தவறிவிழுந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செய்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஆகவே என் யோசனை இது: ஒரு ஸ்டேஜை முதன்முறை ஆடும்போது பின்னோட்டும் பொத்தானை அவள் தாராளமாகப் பயன்படுத்தட்டும், ஒவ்வொரு மூலையையும் பார்க்கட்டும். இரண்டாம் முறை அதைத் தொடாமல் ஆடச் சொல்லுங்கள். அப்போது அவளுக்கு இடம் தெரியும், கைக்கு மட்டும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஏறுகிற மகிழ்ச்சியை அவள் இழக்கக் கூடாது.

நாம் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள் என்று எண்ணிக்கொள்வதே பிழையான நினைவு என்று எனக்குத் தோன்றுகிறது. மூல ஆட்டத்தில் பாதியில் நிறுத்திச் சேமிக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மழைக்காலத்து ஏற்காட்டில் அது போகாத மாலை அரிது. நான் எத்தனையோ விடுமுறைகள் ஆடியும் முடிவைப் பார்த்ததில்லை. சேர்த்த செல்வத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்பதே இந்தத் தொகுப்பை ஆடியபோதுதான் தெரிந்தது. பழைய இடத்துக்குத் திரும்பிப் போகிறோம் என்று நினைத்து வாங்கிய என்னை, நான் ஒருபோதும் போயிராத அறைகளுக்கு அது அழைத்துச் சென்றது. இந்த மறுவெளியீடுகள் மீது எனக்குள்ள நன்றி முழுவதும் அதனால்தான்.

மறுவெளியீடுகளில் இரண்டு வகை உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். உங்களிடம் இருப்பது மூலத்தை அப்படியே தரும் பதிப்பு. 2013-இல் வேஃபார்வர்டு நிறுவனம் செய்து கேப்காம் வெளியிட்ட ‘டக் டேல்ஸ் ரீமாஸ்டர்ட்’ வேறு வகை; படங்கள் புதிதாக வரையப்பட்டன, கதை விரிக்கப்பட்டது, பாத்திரங்கள் பேசின. 1987-இல் தொடங்கிய ‘டக் டேல்ஸ்’ கார்ட்டூன் தொடரில் ஸ்க்ரூஜ் என்ற அந்தக் கிழட்டு வாத்துக்குக் குரல் கொடுத்த ஆலன் யங், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் இதிலும் பேசினார், 2016-இல் மறைந்தார். அந்தக் குரலுக்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் தூர்தர்ஷனில் இந்தியில் பார்த்து, ஒரு சொல்லும் புரியாமல் அசைவுகளிலிருந்தே கதையைப் புரிந்துகொண்ட சேலத்துப் பிள்ளைகளுக்கு, பேச்சே இல்லாத பழைய ஆட்டம்தான் இன்னும் நெருக்கமானது. துள்ளலின் நடுவே உரையாடல் வந்து நிறுத்துவதை என்னால் ரசிக்க முடியவில்லை.

உங்கள் நண்பரின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. அந்த ரீமாஸ்டர்ட் பதிப்பே 2019 ஆகஸ்டில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2020 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. கார்ட்டூனை ஒட்டிய ஆட்டங்களுக்கு மட்டுமே உரிய நோய் என்று இதைச் சொல்ல முடியாது, எனினும் இவற்றை அது கடுமையாகத் தாக்குகிறது. காரணம், ஆட்டத்தைச் செய்தவர் ஒருவர், பாத்திரத்துக்கு உரியவர் இன்னொருவர். இருவருக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் இல்லையென்றால் விற்க முடியாது. ‘அலாவுதீன்’ இதற்கு நல்ல உதாரணம். 1993-இல் ஒரே படத்துக்கு இரண்டு தனித்தனி ஆட்டங்கள் வந்தன: சேகாவின் பெட்டிக்கு டேவிட் பெர்ரியின் குழு, டிஸ்னியின் ஓவியர்கள் கையால் வரைந்த படங்களைக் கொண்டு செய்தது ஒன்று, சூப்பர் நின்டெண்டோவுக்குக் கேப்காம் செய்தது மற்றொன்று. முன்னதில் அலாவுதீன் கையில் வாள் இருக்கும், பின்னதில் வாள் கிடையாது. 2019-இல் வந்த மறுவெளியீட்டில் கேப்காமின் ஆட்டம் இடம்பெறவில்லை; 2021-இல் விரிவாக்கப்பட்ட தொகுப்பில்தான் அது சேர்ந்தது.

இருந்தும் பரணில் கிடக்கும் கேசட்டை நான் பெரிதாக நம்பவில்லை. செப்புப் பற்களில் வாயால் ஊதி ஊதி ஈரத்தை ஏற்றியவர்கள் நாம்தான். அதோடு, அன்று நாம் ஆடியவை பெரும்பாலும் நகல்கள். அவற்றைச் செய்தவர்களுக்கு அதிலிருந்து ஒரு பைசாவும் போயிருக்காது. ‘ரீமாஸ்டர்ட்’ நீக்கப்பட்டபோதும் ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தது. எனவே விரும்புவதை விற்பனையில் இருக்கும்போதே வாங்கி, கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட உறுதியான பாதுகாப்பு இப்போதைக்கு நம் கையில் இல்லை, அது எனக்கும் வருத்தம்தான்.

கடிதத்தில் அக்காவைப் பற்றி ஒரு சொல்தான் எழுதியிருந்தீர்கள். 1990-இல் வந்த ‘சிப் அண்ட் டேல்’ ஆட்டத்தை இருவர் சேர்ந்து ஆடலாம். அதில் ஓர் அணில் இன்னோர் அணிலைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொள்ளலாம், தூக்கி எறியவும் செய்யலாம். எட்டாத மேடைக்கு உதவுவதும் பள்ளத்துக்கு அனுப்புவதும் ஒரே பொத்தானில் இருப்பதால், உடன்பிறந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை நான் அறியேன். உங்கள் தொகுப்பில் அது அப்படியே, இருவர் ஆடும் வசதியோடு இருக்கிறது. இன்னொரு ஜாய்ஸ்டிக் வாங்கி வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு அக்கா அம்மாப்பேட்டைக்கு வரும்போது முதல் இரண்டு ஸ்டேஜ்களை நீங்கள் இருவரும் ஆடுங்கள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றாவதில் உங்கள் ஜாய்ஸ்டிக்கை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.