ஆம்னியைப் பிரித்துவிட்டேன், அதே நம்பரில் புது வண்டி ஓட்டலாமா?

கேள்வி: கோவையில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்க்கிறேன். வயது 34. இரண்டு பேர் உட்காரும் சின்னத் திறந்த கார் ஒன்றை என் கையாலேயே கட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்காக 2006-ம் வருட மாருதி ஆம்னி ஒன்றைப் புரோக்கர் மூலம் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆர்.சி. இன்னும் பொள்ளாச்சியில் இருக்கும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஸ்டீயரிங், ஒயரிங் எல்லாம் கழற்றிவிட்டேன். புது வண்டிக்கான குழாய் ஃபிரேம் முக்கால்வாசி வெல்டிங் முடிந்தது. ஆம்னியின் சேஸிஸ் நம்பர் இருக்கும் தகட்டை வெட்டிப் புது ஃபிரேமில் பற்றவைத்து, அதே ஆர்.சி.யில் ஓட்டிக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக் நண்பர். புரோக்கரோ, அந்தத் தகட்டையும் ஆர்.சி.யையும் தன்னிடம் கொடுத்தால் 15,000 தருவதாகச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகாரால் போன வாரம் போலீஸ் வந்து பேப்பர் கேட்டது. வண்டியைப் பிரித்தது குற்றமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தத் தகட்டை வெட்டாதீர்கள், விற்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். அந்த நம்பர் உங்கள் கையை விட்டுப் போனால், பிறகு எந்த வக்கீலாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மொத்த வண்டியே 42,000 ரூபாய்தான். அதில் உள்ளங்கை அகலத் தகட்டுக்கும் ஒரு ஆர்.சி.க்கும் 15,000 தர ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது இரும்பல்ல. பெயர் இல்லாத வேறொரு ஆம்னிக்கு உங்கள் வண்டியின் பெயர் வேண்டும். அந்த ஆம்னி பெரும்பாலும் திருட்டு வண்டியாகத்தான் இருக்கும். நாளை அது பிடிபட்டால், போலீஸ் முதலில் பொள்ளாச்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டும். அவர் உங்களைக் காட்டுவார். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் அதை மறைக்க உதவினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று நீங்கள் சொன்னால், 'தகட்டுக்கு 15,000 கொடுத்தபோது சந்தேகம் வரவில்லையா?' என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

அதே கண்ணோடு உங்கள் ஆம்னியையும் ஒருமுறை பாருங்கள். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா? வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணில் வங்கிக் கடன், நிலுவை அபராதம் ஏதாவது காட்டுகிறதா? இதைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பரவாயில்லை, இன்றைக்காவது பாருங்கள். நம்பர் பொருந்தாவிட்டால் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் என்னையோ, உங்கள் ஊரில் ஒரு வக்கீலையோ நேரில் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. பணம் கொடுத்து வாங்கிய வண்டியை வீட்டில் வைத்துக் கழற்றுவது குற்றமல்ல. எஞ்சின் உங்களுடையது, ஆக்சிலும் உங்களுடையதுதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் அந்த ஆம்னிக்கு ஓனர் இன்னும் நீங்கள் இல்லை. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது 2(30)-வது பிரிவு. கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொன்ன பதிவு உரிமையாளரையே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக்கியது உச்ச நீதிமன்றம் (நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018). பொள்ளாச்சிக்காரருக்கு இது தெரிந்தால் தூக்கம் வராது. ஆகவே அவரை எதிராளியாக நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் அவருக்கும் உங்களுக்கும் வேண்டியது ஒன்றே: அந்தப் பதிவு ஒழுங்காக முடிய வேண்டும்.

வழக்கமாக வண்டி கைமாறினால், ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் படிவம் 29-ம், வாங்கியவர் 30 நாளில் படிவம் 30-ம் கொடுக்க வேண்டும். உங்கள் வண்டி இப்போது வண்டியாகவே இல்லை. எலும்புக்கூடாக நிற்பதைப் பெயர் மாற்றம் செய்ய அலைவதைவிட, பதிவையே ரத்து செய்வதுதான் நேர்வழி. ஒரு வண்டி அழிந்தாலோ, நிரந்தரமாக ஓட்ட முடியாத நிலைக்குப் போனாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் அல்லது இயன்ற விரைவில் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. 14 நாள் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், 'இயன்ற விரைவில்' என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் அந்தச் சொல்லும் உங்களைக் காப்பாற்றாது.

பழைய ஓனரை நேரில் போய்ப் பாருங்கள். வண்டியை இன்ன தேதியில் இன்ன தொகைக்கு உங்களுக்கு விற்றதாகவும், உதிரி பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டதாகவும் அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். வரி, அபராதம் நிலுவை இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். ரத்து விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும், ஏனென்றால் சட்டப்படி ஓனர் அவர். ஒப்புகை முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள். அவர் வர மறுத்தால், விற்பனை நடந்ததையும் வண்டி பிரிக்கப்பட்டதையும் விரைவு அஞ்சலில் அவருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதிவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் பாடியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். ஆம்னிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். நம்பரும் அதிலேயேதான் இருக்கிறது. எடைக்குப் போட்டால் புரோக்கர் கேட்டதை நீங்களே இலவசமாகக் கொடுத்தது போலாகிவிடும். 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும், ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகளும் ஓனரிடம் இதையே கேட்கின்றன. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் கழற்றப்பட்டவை என்பதை மறைக்காமல் எழுத்தில் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும். நீங்கள் கட்டும் காரை இந்தியச் சாலையில் ஓட்ட முடியாது.

நண்பர் சொன்ன யோசனையில் இருக்கும் தவறு தகட்டில் மட்டும் இல்லை. ஆர்.சி. என்பது எஞ்சினுக்கோ ஆக்சிலுக்கோ கொடுத்த சீட்டு அல்ல, தயாரிப்பாளர் கட்டி, சோதித்து, அங்கீகாரம் வாங்கிய அந்த ஒரு முழு வண்டிக்குக் கொடுத்தது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆம்னி வேனின் ஆர்.சி.யில் இரண்டு இருக்கைத் திறந்த காரை ஓட்டினால், வாகனச் சோதனையில் முதல் பார்வையிலேயே மாட்டுவீர்கள்.

அப்படியானால் புது வண்டியாகவே பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்துப் பதிவு தரும் வழி உண்டு. நம் சட்டத்தில் அப்படித் தனி வாசல் திறக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-வது விதிப்படி, மாதிரி வண்டியைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிறுவனத்தில் கொடுத்துத் தகுதி பெற வேண்டும். பிரேக், புகை, விளக்கு, மோதல் பாதுகாப்பு என்று நீளும் அந்தச் சோதனைகள் ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் ஒரே ஒரு காருக்காக அந்தச் செலவைத் தாங்க முடியாது. கையால் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டம் இடம் விட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைக்கு இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 வரை அபராதம், வண்டியும் பறிமுதல் ஆகலாம். இன்சூரன்ஸ் இல்லாததற்குத் தனியாக 2,000 ரூபாயோ, மூன்று மாதம் வரை சிறையோ. நான் அஞ்சுவது இந்தத் தொகைகளுக்காக அல்ல. தெருமுனையில் ஒரு பிள்ளை குறுக்கே வந்து அடிபட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈடு முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும். அப்படி வீட்டை விற்ற குடும்பத்தை என் கட்சிக்காரர்களிடையே பார்த்திருக்கிறேன். பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த வழியும் சட்டப்படி 'பொது இடம்'தான். ஆகவே 'எங்கள் லேஅவுட் ரோட்டுக்குள் ஒரு ரவுண்டு' என்பதும் வேண்டாம்.

காரைக் கட்டுவதையே விட்டுவிடச் சொல்லவில்லை. நீங்கள் இருப்பது கோவையில். மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் ஊர் அது. அவர் பெயரால் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே செட்டிபாளையத்தில் இருக்கிறது. வேலி போட்ட தனியார் நிலத்திலோ, அனுமதி வாங்கிய பந்தயத் தடத்திலோ ஓட்டும் வண்டிக்கு ஆர்.சி. கேட்க மாட்டார்கள். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள், நிலத்துக்காரர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். போட்டியில் இறங்குவதென்றால் இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமமும் தொழில்நுட்பச் சோதனையும் வேண்டும். ஃபிரேம், ரோல்பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி) அளவுகளுக்கு அவர்களுடைய விதிகளை இப்போதே வாங்கிப் படித்துவிடுங்கள். முக்கால்வாசி வெல்டிங் முடித்த பிறகு பிரித்துக் கட்டுவது கொடுமை. சாலையில் ஓட்டித்தான் ஆசை தீரும் என்றால், ஆர்.சி. உயிரோடு இருக்கும் பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கித் தயாரிப்பாளர் செய்தபடியே புதுப்பியுங்கள். அதற்கும் கை வேலை நிறைய உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் வழக்கைவிடப் பேச்சே நல்லது. இரவு ஏழுக்கு மேல் கிரைண்டர் ஓட்டாதீர்கள். அவர் மனு கொடுத்தால் பொதுத் தொல்லை என்ற வகையில் வருவாய்க் கோட்டாட்சியர் வரை அது போகலாம். வடித்த எஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்துப் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பேட்டரியையும் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையில் ஒப்படையுங்கள்.

போலீஸ் மறுபடி வந்தால் ஒளிய வேண்டியதில்லை. புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக் கடிதம், ஆர்.சி., ஆர்.டி.ஓ. ஒப்புகை ஆகியவற்றின் நகல்களோடு ஒரு விளக்கக் கடிதம் கொடுத்துப் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். கழற்றிய பாகங்களையும், எஞ்சின் நம்பர் தெரியும்படி எஞ்சினையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். புரோக்கர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள், பின்னால் உங்களுக்குச் சாட்சி அவைதான்.

வெல்டிங்கை நிறுத்த வேண்டியதில்லை. ஆம்னியின் முன், பின் நம்பர் பிளேட்டுகளை மட்டும் கழற்றி பாடியோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அவை பாடியோடுதான் போக வேண்டும்.