இரவு பத்தரை மணிப் பசி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். களியும் கீரைக் கடைசலும் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகே இதைத் தங்களிடம் கேட்கும் துணிவு வந்தது. எனக்கு வயது 39. காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அவருடைய கம்பெனிப் பேருந்துக்காக நான்கரை மணிக்கே எழுந்து சமைக்கிறேன். சென்ற ஆண்டு மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 என்று வந்ததால், எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அப்போது 78 கிலோ இருந்தேன். ஐந்து மாதத்தில் 69 கிலோவுக்கு வந்தேன். இப்போது மீண்டும் 72.

காலையில் சியா விதை ஊறிய தண்ணீர் மட்டும் குடிப்பேன். மதியம் ஒரு கிண்ணம் சாமைச் சோறு, சிறிது சாம்பார், வெள்ளரிக்காய். மாலையில் தேநீருடன் இரண்டு பிஸ்கட். இரவு உணவு கிடையாது. பிள்ளைகள் தூங்கி, விடைத்தாள் கட்டை எடுத்து வைக்கும்போது பத்தரை ஆகிவிடும். அதன் பிறகு என்னை அறியாமலே சமையலறைக்குப் போகிறேன். நிப்பட்டு, மிக்சர், பிள்ளைகள் டிபன் டப்பாவில் மிச்சம் வைத்தது, எதுவும் இல்லையென்றால் வெல்லக்கட்டி. விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே தின்கிறேன். பள்ளியில் நிர்வாகத்திடம் பேச்சு வாங்கிய நாளில் இன்னும் அதிகம். மறுநாள் என்மீதே வெறுப்பு வந்து மதியச் சோற்றையும் விட்டுவிடுகிறேன். 'பட்டினி கிடந்தும் இளைக்க மாட்டேங்குதே' என்கிறார் அத்தை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன வாரம் காலை இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு, 'நானும் உங்கள மாதிரி டயட்டும்மா' என்றாள். எனக்கு மனவுறுதி இல்லாததுதான் இதற்கெல்லாம் காரணமா?

அன்புடன்,
கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டுள்ளார்)

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கரை மணிக்கு எழுந்து சமைத்து, நாள் முழுவதும் நின்று பாடம் நடத்தி, இரவில் விடைத்தாள் திருத்தும் ஒருவர், இத்தனைக்கும் நடுவே மாதக்கணக்கில் காலையும் இரவும் உண்ணாமல் இருந்திருக்கிறார் என்றால், அவருக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். உங்களுடைய இரவுப் பசி காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பத்தரை மணியோடு போராடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டுப் பகலைச் சரிசெய்யுங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. மற்றவற்றை அதன் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் பகல் உணவைக் கூட்டிப் பார்த்தேன். தாராளமாகக் கணக்கிட்டாலும் அறுநூறு கலோரியைத் தாண்டுமா என்பது ஐயமே. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கே நாளொன்றுக்குச் சராசரியாக 1,660 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆசிரியர் வேலை உட்கார்ந்து செய்யும் வேலையும் அன்று. எடை இறங்க வேண்டுமென்றால் தேவையைவிடக் குறைவாக உண்ணத்தான் வேண்டும். ஆனால் முந்நூறு நானூறு கலோரி குறைப்பதையும் ஆயிரத்துக்கு மேல் குறைப்பதையும் உடல் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவதைப் பஞ்சம் என்றே அது எண்ணுகிறது.

பஞ்சம் மனிதனை என்ன செய்யும் என்று அறிவதற்காகவே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாத காலம் நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவான உணவை மட்டுமே கொடுத்து, அவர்களுக்கு நேர்வதைப் பதிவு செய்தார். நீங்கள் பகலில் உண்பதைப் போல இரண்டரை மடங்கு அது என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர்கள். நாடே இகழ்ந்தபோதும் தம் கொள்கையை விடாதவர்கள். அவர்களே சில மாதங்களில் உணவைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாட்டையே கண்டார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறி ஒளிந்து தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் தவித்தார்கள். ஆய்வு முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்த பிறகும், வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் பலர் உண்டுகொண்டே இருந்தார்கள். அவர்களுடைய உறுதியை யாரும் குறை சொல்ல முடியாது. விளக்கைப் போடாமல் நின்றபடி தின்கிறேன் என்று நீங்கள் வெட்கத்தோடு எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். விரைவாக எடையைக் குறைத்தவர்களை மெல்போர்னில் ஆராய்ந்தவர்கள் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாடு முடிந்து ஓராண்டு கழித்தும், பசியைத் தூண்டும் கிரெலின், நிறைவை உணர்த்தும் லெப்டின் ஆகிய சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 69இலிருந்து 72க்கு ஏறியதைத் தோல்வி என்று எண்ணுகிறீர்கள். நான் 78இலிருந்து கணக்கிடுகிறேன். ஆறு கிலோ என்பது உங்கள் எடையில் ஏழு சதவீதத்துக்கும் மேல். அமெரிக்காவில், உங்களைப் போலச் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில் வைக்கப்பட்ட இலக்கே ஏழு சதவீதம்தான். அதை நோக்கி உணவைச் சீராக்கி வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சென்னை மருத்துவர்கள் நம் மக்களிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், எடை பெரிதாக இறங்காதவர்களுக்குக்கூட, உணவு மாற்றத்தாலும் நடையாலும் அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே அடுத்த மூன்று மாதங்களுக்கு இன்னும் இளைக்க வேண்டும் என்ற எண்ணத்தையே ஒத்தி வையுங்கள். 72இல் நிலைத்து நிற்பதே போதுமான வேலை.

பசி ருசி அறியாது என்பார்கள். களியையும் கடைசலையும் கொடுத்தால் அடங்குவது வயிற்றுப் பசி, நிப்பட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது மனத்தின் ஆசை என்று பிரித்துப் பார்ப்பது பொதுவாகச் சரியான வழி. ஆனால் உங்கள் நிலையில் இந்தச் சோதனை பயன்படாது. பதினெட்டு மணி நேரம் ஏறத்தாழ வெறும் வயிற்றோடு இருந்த உடல், எண்ணெயும் இனிப்பும் உள்ளதையே கேட்கும். அதுதான் விரைவில் பலம் தரும் என்று அதற்குத் தெரியும். இந்தக் கேட்பில் வயிற்றின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்பது, இரண்டு மூன்று வாரங்கள் மூன்று வேளையும் ஒழுங்காக உண்ட பிறகே உங்களுக்குத் தெளிவாகும்.

எனவே காலையில் அந்த விதைத் தண்ணீரோடு நிறுத்தாமல், பிள்ளைகளுக்குச் சுடும் தோசையிலேயே இரண்டை எடுத்துக்கொண்டு, கூடவே முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறோ சேருங்கள். மதியம் சாமைச் சோற்றின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, பருப்பையும் பொரியலையும் இரு மடங்காக்குங்கள். பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பிஸ்கட்டை நம்பி இருக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு வேகவைத்த நிலக்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு கொய்யாவோ உண்பவருக்கு இரவு பத்தரை வேறு மாதிரி இருக்கும். இரவு உணவை எட்டு மணிக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணுங்கள். களி உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிகிறது; தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலருக்கு இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூறு கிராம் ராகி மாவில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. மாவுச்சத்து ஏறத்தாழ எழுபது கிராம் இருப்பதும் அதே அளவுக்கு உண்மை. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். சிறிய உருண்டை ஒன்றை, நிறைய கீரையோடும் கொள்ளு அல்லது மொச்சைக் குழம்போடும் உண்ணும்போதுதான் அது நெடுநேரம் தாங்கும்.

எதையும் முற்றாக விலக்காதீர்கள். நம் ஊரில் மாம்பழப் பருவத்தில் ஒருவர் மாம்பழமே தொடமாட்டேன் என்று சபதம் செய்வது, எனக்குத் தெரிந்தவரை, ஒரே இரவில் நான்கு பழம் தின்பதில்தான் முடிகிறது. மதியச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதன் பின் இரண்டு துண்டு உண்ணலாம்.

இனி அந்த இரவு நேரத்தைப் பற்றி. உங்கள் நாளை நீங்களே எழுதியிருக்கும் வரிசையில் மீண்டும் படித்துப் பாருங்கள். நான்கரை மணியிலிருந்து பத்தரை மணிவரை கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கும் உரியதாகவே ஒவ்வொரு மணியும் போய்விடுகிறது. யாரும் எதையும் கேட்காத முதல் பொழுது உங்களுக்கு இருட்டுச் சமையலறையில்தான் கிடைக்கிறது. அங்கே நீங்கள் தேடுவதில் ஒரு பங்கு ஓய்வு. பேச்சு வாங்கிய நாளில் ஆறுதல். அதைக் கொடுக்க அந்த வீட்டில் விழித்திருப்பது டப்பாவிலுள்ள மிக்சர் ஒன்றுதான். இதைத் தின்னாதே என்று மட்டும் உங்களிடம் சொன்னால், இருக்கும் ஒரே ஆறுதலையும் பிடுங்கியதாகிவிடும். ஆகவே முன்னதாக, எட்டரை மணிக்கே, அரை மணி நேரத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவதைக் கணவர் வீட்டில் இருக்கும் வாரங்களில் அவரும், மற்ற நாட்களில் பிள்ளைகளும் செய்யட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பாரமில்லை. அந்த நேரத்தில் மொட்டை மாடியில் நடங்கள், அக்கா தங்கையிடம் பேசுங்கள், பள்ளியில் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். விடைத்தாள் கட்டு அதற்குப் பிறகு வரட்டும், முடிந்தால் பத்து மணிக்குள் மூடப்படட்டும். ஐந்து மணி நேரத் தூக்கம் உங்களுக்குப் போதாது. 2004இல் சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தபோது, பசிச் சுரப்பு 28 சதவீதம் கூடி, நிறைவுச் சுரப்பு 18 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் அதிகம் விரும்பியது இனிப்பையும் உப்பு நொறுக்குத் தீனியையும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் சில இரவுகளில் ஆசை வரும். வந்தால் அதை விரட்டவும் வேண்டாம், உடனே பணியவும் வேண்டாம். இருபது நிமிடம் வேறு அறையில் இருங்கள். பெரும்பாலான ஆசைகள் ஏறி, உச்சத்தைத் தொட்டு, தானே இறங்கிவிடும். குடியையும் புகையையும் விடுபவர்களுக்கு உளவியலாளர் ஆலன் மார்லட் கற்றுக்கொடுத்த முறை இதுவே. இறங்கவில்லையென்றால் விளக்கைப் போடுங்கள், ஒரு தட்டில் இரண்டு நிப்பட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ருசித்து உண்ணுங்கள். டப்பாவோடு எடுத்து நின்றுகொண்டு தின்பவருக்கு அளவும் தெரியாது, ருசியும் தெரியாது.

அன்றிரவு எவ்வளவு தின்றிருந்தாலும் மறுநாள் காலை உணவை விடாதீர்கள். நான் சொன்னவற்றில் ஒன்றை மட்டுமே உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 1975இல் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. உணவில் கட்டுப்பாடாக இருந்தவர்களில், முதலில் மில்க்‌ஷேக் குடிக்க வைக்கப்பட்டவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் தின்றார்கள். விரதம்தான் கலைந்துவிட்டதே, இனி என்ன என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இரவில் தின்றதற்குத் தண்டனையாக மதியச் சோற்றை விடுவது, அடுத்த இரவுக்கான பசியை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதாகும்.

உங்கள் மகளைப் பற்றிய வரிதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. பதின்மூன்று வயதில் எலும்பும் இரத்தமும் வளர்கின்றன. அந்த வயதில் காலை உணவை விடும் பழக்கம் வந்தால், அது உடலோடு நிற்காமல், தன் உடம்பைத் தானே வெறுக்கும் பழக்கமாக வளரக்கூடும். அவளுக்கு அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். அவள் எதிரில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுங்கள். எடை என்ற பேச்சையும் இளைத்தல் பெருத்தல் என்ற பேச்சையும் சாப்பிடும் இடத்தில் யாரும் எடுக்கக்கூடாது என்று அத்தையிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். பேத்திக்காக என்று சொன்னால் அவர் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

ஒழுங்காக உண்டு, உறங்கிய பிறகும், வாரம் ஒருமுறையாவது கட்டுப்பாடே இல்லாமல் மிக அதிகமாக உண்பது மூன்று மாதம் தொடர்ந்தால், அது மருத்துவர்கள் பெயரிட்டு அறிந்து வைத்திருக்கும் ஒரு நோயாக இருக்கலாம். பேச்சு வழிச் சிகிச்சையால் பலருக்கு அது நன்றாகவே குணமாகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநல மருத்துவரைப் பார்ப்பதற்குத் தயங்காதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சர்க்கரைப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்துகொள்ளுங்கள். அதுவரை எடை பார்ப்பதை வாரம் ஒருமுறைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.