3,000 ரூபாய் கேட்கும் ‘பெற்றோர் சங்கம்’: கட்டலாமா?

கேள்வி: முக்கூடலில் இருந்து எழுதுகிறேன். பீடி சுற்றுகிறேன், எட்டாவது வரை படித்திருக்கிறேன். மகள் கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதில் ‘பெற்றோர் சங்க ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒருவர், 3,000 ரூபாய் கட்டினால் இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மகளோ, ‘அந்த குரூப்பை விட்டு வெளியே வா, என் காலேஜ் விஷயத்தில் தலையிடாதே’ என்கிறாள். விலகிவிட்டால் அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பணம் கட்டலாமா? காலேஜில் நான் யாரிடம் பேச வேண்டும்?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதுவதைப் படித்து முடிப்பதற்குள் அந்த ஆள் இன்னொரு முறை போன் போட்டு ‘நாளைக்குக் கடைசித் தேதி’ என்று சொல்லியிருப்பார். இவர்களுக்கு எப்போதும் நாளைதான் கடைசித் தேதி.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு சின்ன விஷயம், பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. மகளை காலேஜில் சேர்க்கும்போது விண்ணப்பத்தை யார் நிரப்பினார்கள்? ஊரில் தெரிந்த ஒரு ‘கன்சல்டன்சி’ ஆளா? அப்படியானால் ‘பெற்றோர் கைப்பேசி எண்’ என்ற கட்டத்தில் உங்கள் நம்பருக்குப் பதிலாக அவர் நம்பர் இருக்க வாய்ப்பு உண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம், களக்காடு என்று நம் பக்கத்துப் பெற்றோர் பலரிடம் இதைப் பார்த்துவிட்டேன். பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்று காலேஜ் அனுப்புகிற குறுஞ்செய்தி, ஹாஸ்டலில் இருந்து வெளியே போக அவுட்பாஸ் கேட்டால் வருகிற செய்தி, எல்லாம் அந்த ஏஜென்ட்டின் போனுக்குப் போகும். அவர் அதை வைத்துக்கொண்டு, ‘உங்க பொண்ணு போன வாரம் ரெண்டு நாள் லீவு, தெரியுமா?’ என்று உங்களிடமே சொல்லி, காலேஜுக்குள் தனக்குப் பெரிய செல்வாக்கு இருப்பதாகக் காட்டுவார். உங்கள் குரூப் ஆளும் இப்படிப்பட்டவரா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் நம்பர் யாருடையது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். தவறாக இருந்தால் முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், கூட உங்கள் ஆதார் நகல், போதும். மாற்றித் தருவார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

இன்டர்னல் மார்க்கைப் ‘பார்த்துக்கொள்வேன்’ என்பதற்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு இன்டர்னல், அதாவது காலேஜே போடுகிற மார்க், 40, செமஸ்டர் தேர்வு 60 (மகளின் வருஷத்துக்கு எந்த விதிமுறை என்று காலேஜில் கேட்டுக்கொள்ளுங்கள்). தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். அதாவது, ஒரு பேச்சுக்கு அந்த ஆள் 40க்கு 40 வாங்கிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், உங்கள் மகள் செமஸ்டர் தேர்வில் அந்த 45 சதவீதத்தைத் தொடாவிட்டால் அரியர் அரியர்தான். அட்டெண்டன்ஸும் அப்படித்தான், 75 சதவீதம் வேண்டும். குறைந்து 65க்கு மேல் இருந்தால், உடம்பு சரியில்லை என்பது போன்ற காரணத்துக்கு, ஆவணத்தோடு காலேஜ் வழியாக விண்ணப்பித்து விலக்கு கேட்கலாம். அதற்கும் கீழே போனால் கடினம். இதில் எந்த இடத்தில் 3,000 ரூபாய் நுழைகிறது?

இன்னொன்று. இந்த மாதிரி குரூப்பில் ரிசல்ட் வரும் நாளன்று ‘ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்’ என்று போடுவார்கள். அந்த இரண்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிள்ளையின் மதிப்பெண்ணைத் திறந்து பார்க்கலாம். அனுப்பாதீர்கள். பாஸ் ஆகாதவர்களின் பெற்றோருக்கு அன்று சாயங்காலமே ‘மறுமதிப்பீட்டில் பாஸ் போட்டுத் தருகிறேன்’ என்று போன் போவதெல்லாம் எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்?

சரி, யாரிடம்தான் பேசுவது? ஒவ்வொரு மாணவரையும் ஒரு ஆசிரியரின் பொறுப்பில் விட்டிருப்பார்கள். வகுப்பு ஆலோசகர், மென்டர், டியூட்டர் என்று காலேஜுக்குக் காலேஜ் பெயர் மாறும். தேவைப்பட்டால் பிள்ளையின் படிப்பு நிலையைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவதும் தெரிவிப்பதும் அவர் வேலை என்று பல்கலைக்கழக விதிமுறையே சொல்கிறது. நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான். அவருக்கு மேலே துறைத்தலைவர், ஹாஸ்டல் விஷயத்துக்கு வார்டன். நேராக முதல்வர் அறை வாசலில் போய் நிற்காதீர்கள், அரை நாள் உட்காரவைத்துவிட்டு ‘உங்க வகுப்பு ஆலோசகரைப் பாருங்க’ என்றுதான் அனுப்புவார்கள்.

வகுப்பு ஆலோசகரின் பெயரையும் நம்பரையும் உங்கள் மகளிடமே வாங்குங்கள். முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ‘நான் மாசம் ஒரு தடவை உங்க மிஸ்கிட்ட பேசுவேன், பேசுறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் பேசுவேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவளுக்கு 18 ஆகியிருந்தால் சட்டப்படி பெரியவள், ‘எங்க அம்மாவிடம் எதையும் சொல்லாதீங்க’ என்று அவள் சொன்னால் ஆசிரியரும் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார். தவிர, 200 பேர் இருக்கிற குரூப்பில் தன் அம்மா ‘என் மகள் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள், யாராவது பார்த்தீர்களா’ என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் கூசும். நீங்கள் அப்படி எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்தை மறுநாள் படம் பிடித்து வகுப்பு முழுக்கச் சுற்றவும் விடுகிறார்கள். மகள் ‘தலையிடாதே’ என்றது உங்களைத்தானா, அந்த குரூப்பையா என்று ஒருமுறை பையக் கேட்டுப் பாருங்கள்.

போனில் கேட்க வேண்டியது மூன்றே மூன்று: அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம், எந்தப் பாடத்தில் சிரமப்படுகிறாள், கட்டணம் ஏதும் பாக்கி இருக்கிறதா. சாயங்காலம் வகுப்பு முடிந்த பிறகு கூப்பிடுங்கள். ‘சார், நான் பீடி சுற்றுகிறவள், எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஆரம்பிக்க வேண்டாம். இன்னாருடைய அம்மா, இன்ன துறை, இன்ன வருஷம், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற கல்லூரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் கூட்டத்தை ஏன் ஐயா புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கிறீர்கள்? முக்கூடலில் இருந்து ஒரு அம்மா வர வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி, திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பஸ் பிடித்து, தூங்காமல் வந்து, இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, கடைசியில் ஒரு அரங்கத்தில் உட்கார்ந்து வேலைவாய்ப்பு அதிகாரி ஆங்கிலத்தில் காட்டுகிற படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அட்டெண்டன்ஸ் குறுஞ்செய்தியும் ஆங்கிலத்தில். காலேஜுக்குத் தர மதிப்பீடு போடுகிற நாக் குழு வருகிற வாரம் மட்டும் பெற்றோர் ஞாபகம் வந்து, நல்ல சேலை கட்டி வரச் சொல்லி போன் வரும். ராகிங் தடுப்புக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009லேயே விதி போட்டுவிட்டது, எத்தனை காலேஜில் அந்தப் பிரதிநிதி யார் என்று மற்ற பெற்றோருக்குத் தெரியும்? சேர்க்கையின்போது உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும் அம்மாவும் அப்பாவும் வேண்டும். இந்த வெற்றிடத்தில்தான் ‘ஒருங்கிணைப்பாளர்’ வந்து உட்காருகிறார். சவத்தை விடுங்கள், இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியதைக் காட்டி யாராவது அரசுக் கல்லூரி அலுவலகத்தில் சண்டை போடுவார்கள். பெற்றோர் சங்கம் என்றாலே மோசடி இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று முறையாக ஒன்று இருக்கும். வருஷ ஆரம்பத்தில் அதற்கு ஒரு தொகை வாங்குவார்கள். காலி இடங்களுக்கு அரசு ஆள் போடாமல் இழுத்தடிக்கும்போது, அந்தப் பணத்தில்தான் பல கல்லூரிகளில் தற்காலிக ஆசிரியர்களுக்குச் சம்பளம் போகிறது, துப்புரவுப் பணியாளருக்கும் போகும். இது சரியா என்றால், அரசு செய்ய வேண்டியதைப் பெற்றோர் தலையில் கட்டுவது சரியில்லைதான். ஆனாலும் அது மோசடி கிடையாது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பணம் கழகத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகும், தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போகாது. கல்லூரி அலுவலகத்தில் வைத்து எண் போட்ட ரசீது தருவார்கள். எல்லா மாணவருக்கும் ஒரே தொகை. மார்க்கையோ அட்டெண்டன்ஸையோ அதோடு முடிச்சுப் போட மாட்டார்கள். இந்த நான்கில் ஒன்று இடித்தாலும் நின்று கேளுங்கள். ரசீது தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது ரசீது இல்லை. கட்ட முடியாத குடும்பம் என்றால் முதல்வரிடம் எழுதிக் கொடுத்துத் தவணையோ விலக்கோ கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் மகள் படிப்பது தனியார் காலேஜ், அதனால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் ராணி அண்ணா கல்லூரியிலோ வேறு அரசுக் கல்லூரியிலோ சேர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

குரூப்பை விட்டு விலகினால் தனியாகிவிடுவோமோ என்கிற பயம் நியாயமானது. விலகுங்கள், ஆனால் அதற்கு முன்பு அதில் நம் பக்கத்து ஆட்கள் யார் யார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம், எங்கேயாவது இரண்டு மூன்று குடும்பம் அதே காலேஜில் இருக்கும். நான்கைந்து பேர் போதும். அதில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் காலேஜ் செய்தியை எல்லோருக்கும் தமிழில் சொல்லிவிடுவார். கூட்டத்துக்கு முறை வைத்து ஒருவர் போய் வந்தால் மற்றவர்கள் கூலி மிச்சம். லீவுக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் சேர்த்து அனுப்பலாம். பணம் வசூலிக்கிற வேலை மட்டும் வேண்டாம், நம்ம ஊர்க்காரர் ஆரம்பித்தாலும் வேண்டாம்.

உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதல்லவா? பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மகள் விண்ணப்பிக்க வேண்டும், அதைக் காலேஜ் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். இந்தச் சரிபார்ப்பு காலேஜ் மேசையிலேயே தூங்குவது சகஜம், ஆகவே வகுப்பு ஆலோசகரிடம் பேசும்போது இதையும் கேளுங்கள். மகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இரண்டும் பிள்ளையின் கணக்குக்கே நேரடியாக வரும். ‘உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க’ என்று எவர் கேட்டாலும் போனை வையுங்கள். சொல்லி ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

மகள் ஆபத்தில் இருக்கிறாள் என்று தோன்றினால் மேலே சொன்ன முறை எதுவும் வேண்டாம். ராகிங் என்றால் 1800-180-5522, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், நீங்களே புகார் சொல்லலாம். மனசு ஒடிந்து பேசுகிறாள் என்றால் 14416, தமிழிலேயே பேசலாம். வார்டனைப் போனில் எழுப்புங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, அவள் கோபித்துக்கொண்டாலும் சரி.

கட்டணம், சான்றிதழ், மார்க் போன்ற குறைகளுக்கு மட்டும் புகாரில் மகள்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் கூடுமானவரை அது தன் அறிக்கையைத் தர வேண்டும் என்று மானியக் குழுவின் 2023 விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காலேஜுக்கு உரிமை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏஜென்ட்டுக்கு நிச்சயமாக இல்லை. உங்கள் மகளின் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் இப்போது யார் கையில் இருக்கிறது? சேர்க்கைக்கு வாங்கிப் போனவரிடமே இன்னும் இருந்தால், 3,000 ரூபாய் விஷயத்தைப் பற்றி அவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பு அதைத் திருப்பி வாங்கி வீட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள்.