பயிற்சி கப்டன் கை வைத்தால் வேலை போய்விடுமா?

கேள்வி: மகன் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் லைன் ட்ரெயினிங் செய்கிறார். மூன்றாவது பறப்பில், கட்டுநாயக்கவில் இறங்கும்போது பயிற்சி கப்டன் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துவிட்டாராம். பிள்ளைக்கு நித்திரையே இல்லை. வேலை போய்விடுமா? தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவர், வெளிநாட்டில் 500 மணித்தியாலம் பறக்க இடம் எடுத்துத் தருகிறேன், காணியை ஈடு வைத்தாவது காசு கட்டுங்கள் என்கிறார். (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: போகாது, அம்மா. நான் பயிற்சி கொடுத்த காலத்தில் இதற்காக ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. லைன் ட்ரெயினிங் என்றால் பயணிகள் ஏறிய விமானத்தில் பழகுவது. இடப்பக்கம் பயிற்சி கப்டன், வலப்பக்கம் உங்கள் மகன், முதல் சில பறப்புகளில் பின்னால் இன்னொரு விமானியும் இருப்பார். கப்டன் கை வைக்க நேரும் என்று தெரிந்துதான் இந்த ஏற்பாடே.

பெரும்பாலும் தடுமாற்றம் கடைசி 50 அடியில்தான். தரையில் வைத்துப் பழகும் போலி விமான அறையான சிமியுலேட்டரில் ஓடுபாதை வெறும் படம். இங்கே நிலம் நிஜமாகவே எழுந்து வரும். விமானம் தானே ‘ஃபிஃப்டி, ஃபோர்ட்டி, தேர்ட்டி’ என்று உயரத்தைச் சொல்லும். 30 அடியளவில் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். புதியவரின் கண் மூக்குக்கு நேரே கிட்டத் தெரியும் ஓடுபாதைத் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிந்தி இழுத்தால் அடித்து இறங்கும், கூட இழுத்தால் மிதந்துகொண்டே போகும். எல்லாம் சில விநாடிக்குள். வாயால் சொல்லித்தர நேரம் இல்லாததால் கப்டன் எடுத்துவிடுகிறார். கண்ணை ஓடுபாதையின் தூர முனைக்குக் கொண்டுபோகப் பழகினால் சரியாகிவிடும். அதே பிழை திரும்பத் திரும்ப வந்தால் மேலதிகப் பறப்பு கொடுப்பார்கள், அல்லது சிமியுலேட்டருக்கு அனுப்புவார்கள்.

எனக்குப் பயம் அந்த ஏஜென்சிக்காரரை நினைத்துத்தான். மகனுக்கு வேலை இருக்கிறதே, அவர் எதை விற்கிறார்? பல்லாயிரம் டொலர் கட்டினால் வலப்பக்க ஆசனம் கிடைக்கும். மணித்தியாலம் முடிந்ததும் அடுத்த காசுக்காரர் வந்து உட்காருவார். பறந்த மணித்தியாலங்களைப் பதியும் லொக்புக்கில் எண் ஏறும், வேலை கிடைக்காது. ஒப்பந்தமும் அநேகமாக ஏஜென்சியோடுதான். இடையில் விமான நிறுவனம் கைவிட்டால் காசைக் கேட்க ஆள் இல்லை. லைசென்ஸுக்கு 200 மணித்தியாலம் போதும் என்கிறது விதி. வேலை விளம்பரமோ 500, 1,000 கேட்கிறது. அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டியவர்கள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காணி உறுதியை இழப்பது பெற்றோர்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பாதீர்கள். வேலை தரும் நிறுவனமே பயிற்சிச் செலவை ஏற்று, இத்தனை வருடம் எங்களிடம் பறக்க வேண்டும், இடையில் போனால் மீதியைக் கட்டு என்று ‘பொண்ட்’ எழுதி வாங்கும். அது வேறு. அங்கே முதலில் காசு கேட்கமாட்டார்கள், சம்பளம் வரும், கையெழுத்தும் நிறுவனத்தோடுதான். ஆனால் ‘பொண்ட்’ என்று பெயர் வைத்து முற்பணம் கேட்டால் அது பொண்ட் இல்லை. வருடம் எத்தனை, மீதித்தொகை வருடாவருடம் குறைகிறதா என்று பார்த்தே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நித்திரை இல்லை என்றீர்களே, அதை விடாதீர்கள். நித்திரை கொள்ளாமல் விமானி கடமைக்குப் போகக் கூடாது. அடுத்த பறப்புக்கு முந்திய இரவும் கண் மூடவில்லை என்றால், இன்று பறக்கும் நிலையில் இல்லை என்று மகன் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். தரையிறக்கம் பற்றி அந்தக் கப்டன் பயிற்சிக் கோப்பில் எழுதியிருப்பார். அதை எடுத்து வாசித்துவிட்டு, அவரிடமே போய்ப் பேசச் சொல்லுங்கள்.