பாயாத கடா – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேற்காசியச் செய்திகளை இரண்டு வருடமாக விடாமல் தொடர்கிறேன். லெபனானின் ஹிஸ்புல்லா, ஏமனின் ஹூத்தி, ஈராக்கின் ஷியா ஆயுதக் குழுக்கள் எல்லாமே ஈரானின் சதுரங்கக் காய்கள்தானே? 2024 செப்டம்பரில் ஹிஸ்புல்லாக்காரர்களின் பேஜர்கள் வெடித்தன, அதன் தலைவர் நஸ்ரல்லா கொல்லப்பட்டார், டிசம்பரில் சிரியாவில் அதிபர் அசாத்தும் ஓடிவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகும் ஹிஸ்புல்லா ஏன் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுக்கிறது? ஐநா என்ன செய்கிறது? இன்னொன்று: இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு செல்வாக்குக் கிடைக்கிறதென்றால், இந்தியாவும் அண்டை நாடுகளில் இப்படிச் சில குழுக்களை வளர்த்தால் என்ன தவறு? நான் 2001ல் பிறந்தவன், பொறியியல் படித்தவன். கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ர., கோவை

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செய்து பார்த்தாயிற்று, தம்பி. நீங்கள் பிறப்பதற்குப் பதினாறு பதினேழு வருடம் முன்னால், உங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில். சேலம் மாவட்டம் கொளத்தூர்ப் பக்கம் ஒரு முகாம், ஒரத்தநாட்டுப் பக்கம் இன்னொன்று. இலங்கையில் தமிழர்கள் மேல் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டெல்லி ஒரு ஈழத் தமிழ் இயக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுக்கவில்லை, பலவற்றுக்குக் கொடுத்தது. ஒன்று முறைத்தால் இன்னொன்றை வைத்து அடக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். மேற்காசியக் குழுக்களின் பெயர் வரிசையாகத் தெரிந்த ஒரு கோவைக்காரருக்கு இது தெரியவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான். பொறியியல் படித்தது ஒரு சாக்கு இல்லை.

ஐநா. 2006ல் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் நடந்த 34 நாள் போர் முடிந்தபோது ஐநாவின் 1701ஆம் தீர்மானம் வந்தது. தெற்கு லெபனானில் லித்தானி ஆற்றுக்குத் தெற்கே லெபனான் ராணுவமும் ஐநா படையும் தவிர யார் கையிலும் ஆயுதம் இருக்கக் கூடாது என்றது. பதினெட்டு வருடம் கழித்து அதே இடத்துக்காக மறுபடி போர் நடந்தது. அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடலாம்.

நான் உட்கார்ந்து பதில் எழுதக் காரணம், 'சதுரங்கக் காய்கள்' என்ற உங்கள் சொல்.

1985ல் எனக்குப் பதினோரு வயது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் இயக்கத்துப் பையன்கள் தங்கியிருந்தார்கள். எந்த இயக்கம் என்பது வேண்டாம். அதில் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பழைய பத்திரிகை கேட்டு வர ஆரம்பித்தார். முல்லைத்தீவுப் பக்கத்துக்காரர், இருபது வயது இருக்கும். அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்குத் தேங்காய்ப்பால் விடுறேல்லையோ அம்மா?" என்று கேட்டதை எங்கள் வீட்டில் பல வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சாமி நம்பிக்கை இல்லை என்பார், ஆனால் அம்மா நீட்டிய விபூதியை ஒருநாளும் மறுத்ததில்லை.

எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டார். காய்களுக்குப் புளியங்கொட்டையும் சோடா மூடியும். எது குதிரை, எது மந்திரி என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே பாதி ஆட்டம்.

அவர் டெல்லியின் வெளியுறவுக் கொள்கைக்காகப் படகேறி வரவில்லை. அவர் அண்ணன் கொழும்பில் வைத்திருந்த கடையை 83ல் எரித்தார்கள், அதனால் வந்தார். டெல்லிக்கு ஒரு கணக்கு இருந்தது, அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கொஞ்ச தூரம் இரண்டும் ஒரே பாதையில் போயின, அவ்வளவுதான். ஹிஸ்புல்லாவும் அப்படித்தான். 1982ல் இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்து பெய்ரூட் வரை போகாமல் இருந்திருந்தால், ஈரான் எத்தனை மூட்டை பணம் கொண்டுவந்திருந்தாலும் தெற்கு லெபனான் கிராமங்களில் அத்தனை பேர் கிடைத்திருக்க மாட்டார்கள். பணம் ஈரானுடையது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. எங்கள் சம்பளமும் ஆயுதமும் அங்கிருந்துதான் வருகிறது என்று 2016ல் நஸ்ரல்லாவே தொலைக்காட்சி உரையில் சொன்னார். ஆனால் கோபம் உள்ளூர்ச் சரக்கு.

அப்புறம், இந்த விஷயத்தைப் பேச வருகிற எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதை. இந்தியா பயிற்சி கொடுத்த புலிகள் 1987 அக்டோபரில், அமைதிப்படையாக இலங்கைக்குப் போன இந்திய ராணுவத்தோடே மோதினார்கள், ஆயிரத்துக்கு மேல் இந்திய வீரர்கள் செத்தார்கள், 1991ல் ஸ்ரீபெரும்புதூர். எல்லாம் உண்மை. சொல்லவும் வசதியான கதை, கேட்பவருக்கு ஒரு நீதியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் பாயாத கடா ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று? முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

சொல்கிறேன். புலிகளோடு சண்டை தொடங்கிய பிறகு மற்ற இயக்கங்கள் சில இந்திய ராணுவத்தோடு நின்றன. அதில் ஒன்றான ஈபிஆர்எல்எஃப் இலங்கையின் வடகிழக்கு மாகாண ஆட்சியில் அமர்ந்தது, வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். 1989ல் இந்திய ராணுவம் கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும், போன பிறகு காவலுக்கு ஒரு படை வேண்டுமென்று அவசர அவசரமாகத் தமிழ்த் தேசிய ராணுவம் உருவாக்கப்பட்டது. ஆள் போதவில்லை. ரோட்டில் போன பையன்களை, பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்களைப் பிடித்துக் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். 'பிள்ளைபிடி' என்று அங்குள்ள மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மறுபக்கம், இந்தியாவை வெளியேற்ற நினைத்த இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா தன் பரம எதிரிகளான புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். கவனியுங்கள், ஒரு அரசு வளர்த்த படையை அடிக்க இன்னொரு அரசு தன்னோடு போரிட்ட குழுவுக்கே ஆயுதம் கொடுக்கிறது! 1990 ஜூனில் புலிகள் மறுபடி இலங்கை அரசோடு போருக்குப் போனார்கள்.

இந்திய ராணுவம் மாவட்டம் மாவட்டமாக விலகியது. அது விலகிய மாவட்டத்துக்குள் புலிகள் வந்தார்கள். பிடித்துவரப்பட்ட பையன்கள் பலர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள், பலர் சரணடைந்தார்கள், பலர் செத்தார்கள். 1990 மார்ச் 24ல் கடைசி இந்திய வீரர்கள் திருகோணமலையை விட்டுக் கப்பலேறினார்கள். திரும்பி வந்த ராணுவத்தையே வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. கூடவே தப்பி வந்த இந்தப் பையன்களையும் அவர்கள் குடும்பங்களையும் யார் சீந்துவார்கள்? தமிழ் பேசுகிறவர்களைக் கொண்டுபோய் ஒடிசாவில், மல்கான்கிரிக் காட்டுப் பக்கம் வைத்தார்கள். அந்த ஜூனில் ஈபிஆர்எல்எஃப் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கோடம்பாக்கத்தில் புலிகளால் கொல்லப்பட்டார்கள்.

எங்கள் சதுரங்க அண்ணனிடமிருந்து 88ல் ஒரு கடிதம் வந்திருந்தது, 'இப்ப இந்தியன் ஆமியோடதான் நிக்கிறம்' என்று. பிறகு இல்லை. பேப்பரில் ஒடிசாச் செய்தி வந்த அன்று அம்மா கேட்டாள், "கப்பல்ல அவன் இருந்திருப்பானா?" அப்பா தெரிந்தவர் மூலம் சென்னையில் விசாரித்தார். பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது இயக்கப் பெயர். அந்தப் பெயரில் இருபது பேராவது இருப்பார்கள் என்றார்களாம். மூன்று வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட ஆளின் சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது.

சரி, லெபனானுக்கு வருகிறேன். அங்கும் ஒரு பாயாத கடா உண்டு. தெற்கு லெபனான் ராணுவம் என்று இஸ்ரேல் சம்பளம் கொடுத்து வைத்திருந்த படை. தான் பிடித்துவைத்திருந்த தெற்கு லெபனானிலிருந்து 2000 ஜூலையில் விலகுவதாகச் சொன்ன இஸ்ரேல், மே மாதமே சில நாட்களில் மூட்டை கட்டிவிட்டது. ஃபாத்திமா வாசல் என்ற எல்லைக் கதவில் அந்தப் படையாட்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு, பெட்டி படுக்கையோடு வரிசையில் நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் கடந்து போனார்கள், மற்றவர்கள் லெபனான் நீதிமன்றங்களில் நின்றார்கள். தளபதி அந்துவான் லஹத் பின்னாளில் டெல் அவிவில் உணவகம் நடத்தினார். இவர்கள் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. இவர்கள் நடத்திய கியாம் சிறையில் நடந்த சித்திரவதையைப் படித்தால் சோறு இறங்காது. பிள்ளைபிடித்தவர்களும் உத்தமர்கள் இல்லை. நான் சொல்வது வேறு. அந்த வரிசையைப் பேப்பரில் பார்த்தபோது எனக்குக் கப்பல்தான் ஞாபகம் வந்தது.

அந்த வரிசையை வேலிக்கு மறுபக்கமிருந்து ஹிஸ்புல்லாவும் பார்த்துக்கொண்டிருந்தது. எஜமானின் சம்பளத்தை மட்டும் நம்பியவன் கதி என்ன என்று அதற்குத் தெரியும். ஈரான் பணத்தோடு அது நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் இடம், சொந்தத் தொலைக்காட்சி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகையை வைத்துக் கடன் தருகிற அமைப்புகூட உண்டு. 2019க்குப் பிறகு லெபனான் வங்கிகள் மக்கள் போட்ட பணத்தையே தர மறுத்தபோது, எத்தனையோ பேர் தங்கத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். இது எந்த நாட்டுக் காய், சொல்லுங்கள்?

2025 ஆகஸ்டில் லெபனான் அமைச்சரவை, ஆயுதம் அரசின் கையில் மட்டுமே இருக்க ராணுவம் திட்டம் தீட்டட்டும் என்று முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அந்த ராணுவ வீரனின் மாதச் சம்பளம் நாணயம் சரிந்ததில் நூறு டாலருக்கும் கீழே போய், கத்தாரும் அமெரிக்காவும் கைச்செலவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1976லும் 1984லும் சமயவாரியாக உடைந்த ராணுவம் அது. ஷியா கிராமத்து ஆளைப் பார்த்து ஆயுதத்தைக் கொடு என்றால், கொடுத்த பிறகு எனக்கு யார் காவல் என்றுதான் கேட்பான். ஹிஸ்புல்லாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008 மே மாதம் அதே துப்பாக்கி பெய்ரூட் தெருக்களில் சொந்த நாட்டுக்காரன் மேல் திரும்பியது. 2013ல் அசாத்தைக் காப்பாற்றச் சிரியாவுக்குப் போனது. ஆனாலும் அவன் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் வைத்திருக்கவில்லை. மல்கான்கிரியில் இறக்கிவிட்டவர்களிடமும் இருக்கவில்லை.

ஹூத்திகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தெரியும். அது இன்னொரு நாள். அடுத்த முறை எழுதும்போது சதுரங்கம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அன்புடன்.